இணைப்பு ஆறு

வங்கி கேட்ட படிவங்களில் இதுதான் கடைசி.
'இணைப்பு ஆறு: நிறுவனத்தின் புறச்சூழல் பகுப்பாய்வு.
இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.'
ஆறை எண்ணில் போடாமல்
எழுத்தில் போட்டிருந்தார்கள்.
"நம்மூர்ல எந்த ஆறும்மா இப்ப இணைப்புல இருக்கு"
என்று சிரித்தார் தைரியநாதன்.
முதலாளி சிரிப்பு, நானும் கொஞ்சம் சிரித்தேன்.
கணக்கு எழுதுகிறவள்
கட்டுரையும் எழுதுவாள் என்று
காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு
லோடு பார்க்கப் போய்விட்டார்.

ஆகவே, மேலாளர் அவர்களுக்கு:

திருத்துறைப்பூண்டியில் நாங்கள்
பன்னீர் சோடாவும் ஆரஞ்சும் போடுகிறோம்.
இருநூறு மில்லி, பத்து ரூபாய்.
அதில் வரிக்கு எவ்வளவு, மூடிக்கு எவ்வளவு
என்பதெல்லாம் இணைப்பு மூன்றில்.

அரசியல் என்ற கட்டத்தில்
மேட்டூர் திறக்கும் தேதி என்று எழுதினேன்.
பொருளாதாரம் என்ற கட்டத்திலும்
அதையேதான் எழுத வேண்டியிருந்தது.
தண்ணீர் கடைமடை வந்து
நாற்று பறித்த கைக்குக் கூலி விழுந்தால்
தலைஞாயிறு லைனில் நாற்பது பெட்டி கூடப் போகும்.
வராத வருஷம்
போன பெட்டி போனபடியே திரும்பும்,
வெயிலில் நின்ற ஆரஞ்சு
வெளுத்துப்போய்.

வெயில் அடித்தால் உங்களுக்கு யோகம்தானே
என்று போன முறை கேட்டீர்கள்.
தாகம் வேறு சார், வாங்கக்கூடிய தாகம் வேறு.
கையில் காசில்லாத வெயிலை
பஸ் ஸ்டாண்டுக் குழாயே தணித்துவிடுகிறது.

போட்டி.
பெரிய கம்பெனி கடைக்குக் கடை ஃப்ரிட்ஜ் தருகிறது, சும்மா.
மற்றவன் பாட்டில் அதற்குள் இருக்கக் கூடாது,
அதுதான் வாடகை.
கச்சனத்தில் ஜெகபர் அலி கடையில்
தயிர்ப் பாக்கெட்டுக்குப் பின்னால்
எங்கள் பன்னீர் நாலு படுத்துக்கிடக்கும்.
அவர்கள் ஆள் வந்து குனிந்தால்
"அது வீட்டுக்கு வச்சிருக்கேன் தம்பி" என்பார்.
இதற்குக் கட்டம் இல்லை.
சமூகம் என்பதில் சேர்த்திருக்கிறேன்.

சர்க்கரை முகாம் போட்ட ஊரில்
இரண்டு வாரம் வண்டி நிற்க வேண்டாம் என்று
டிரைவருக்கே தெரியும்.

மாற்றுப் பொருட்கள் என்று ஒரு வரி.
இளநீர் என்று எழுதினேன்.
கஜாவில் தென்னை விழுந்தது.
அடுத்த கோடையில் இளநீர் இல்லை,
எங்கள் சோடா ஒன்றரைப் பங்கு போனது.
வாய்ப்புகள் என்ற தலைப்பின் கீழ்
அந்த எண்ணை எழுதி
அடித்து
மறுபடி எழுதியிருக்கிறேன்.
அடித்தலுக்கு மன்னிக்கவும்.
விழுந்ததில் பதினான்கு மரம்
எங்கள் கொல்லையில் நின்றவை.

கடைசியாகத் தண்ணீர்.
புறம் என்றால் கேட்டுக்கு வெளியே
என்று படிவம் நினைத்துக்கொண்டிருக்கிறது.
எங்கள் போர் கேட்டுக்கு உள்ளே, நூற்றெண்பது அடி.
போன மாசியில் மீட்டர் எண்ணூறு காட்டியது.
இந்த மாசியில் ஆயிரத்து நானூறு.
கடல் இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக
வரைபடத்தில் போட்டிருக்கிறது.
கீழே அது எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று
நாக்குதான் சொல்கிறது.
புது மெஷின் அதற்குத்தான். இந்தக் கடனும் அதற்குத்தான்.
ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க
ஒரு லிட்டர் உப்பை வெளியே தள்ளும்.
பின்பக்க வாய்க்காலில்.

வாய்க்காலுக்கு அந்தாண்டை
பக்கிரிசாமியின் ஒன்றேகால் மா.
அவருக்கு
நாங்கள்தான் புறச்சூழல்.

அவரும் பகுப்பாய்வு எழுதியிருக்கிறார்,
தாசில்தாருக்கு,
முக்கால் பக்கம், பச்சை மையில்.
நகல் எங்களுக்கு வந்தது.
படிவத்தில் ஏழாவது இணைப்பு கிடையாது.
ஆனாலும் பின் அடித்து வைத்திருக்கிறேன்.
தைரியநாதன் கையெழுத்துப் போடும்போது
கடைசித் தாள்வரை புரட்டுகிறவர் இல்லை.